மகனின் சிபில் ஸ்கோர் 584: பெற்றோர் பணம் கொடுக்கலாமா, பெயர் கொடுக்கலாமா?

பொன்னிக்கரை கேட்டது:

மகனுக்கு வயது 29, கைக்கு வரும் சம்பளம் 42,000. சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறானா என்று காட்டும் மதிப்பெண்) 584. அறிக்கையை இறக்கி எதிரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அதில் இருப்பவை:

கல்விக் கடன். மீதி 3.1 லட்சம், ஈஎம்ஐ 6,850, கெடு ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி. மாதம் தவறாமல் ஒரு தவணை கட்டுகிறான். ஆனாலும் டிபிடி (கெடு தாண்டிய நாட்கள்) கட்டத்தில் 54, 56, 56, 56, 57 என்றே வருகிறது. இந்தக் கடனில் அவன் அப்பா இணைக் கடனாளி.

கிரெடிட் கார்டு. நிலை 'ரிட்டன் ஆஃப்', பாக்கி 68,400.

பர்சனல் லோன். 2023-ல் 'செட்டில்டு'. வங்கி விட்டுக்கொடுத்த தொகை 74,000.

ஒரு கடன் ஆப்பில் 11 சின்னக் கடன்கள். 9 முடிந்துவிட்டது, இரண்டில் தலா 3,200 ஓவர்டியூ (கெடு தாண்டிய பாக்கி).

எங்களிடம் தனியாக எடுத்து வைத்த 2 லட்சம் இருக்கிறது. எதை முதலில் அடைப்பது? இவற்றோடு மூன்று யோசனைகளும் வீட்டில் ஓடுகின்றன: அப்பாவின் கார்டில் அவனுக்கு ஆட்-ஆன் (அதே கணக்கில் கூடுதல் அட்டை) எடுப்பது, அவன் பைக் கடனுக்கு அப்பா ஜாமீன் போடுவது, என் நகையை அவன் பெயரில் அடகு வைத்து ஒழுங்காகக் கட்டிக் காட்டுவது. எது உருப்படி?

---

வட்டிக்கணக்கு பதில்:

அம்மா, பெரிய தொகையைப் பார்த்து 68,400-ல் ஆரம்பிக்காதீர்கள். கல்விக் கடன்தான் முதலில். மற்றவை பெரும்பாலும் பழைய காயம். இது ஒவ்வொரு மாதமும் புதிதாக ஒரு கறை போடுகிறது. அதுவும் ஒரே நேரத்தில் இரண்டு பேர் அறிக்கையில்.

மாதாமாதம் கட்டியும் எண் ஏன் இறங்கவில்லை என்பதற்குக் காரணம் இது. கட்டும் பணம் மிகப் பழைய பாக்கிக்குத்தான் முதலில் வரவாகும். உங்கள் மகன் எப்போதோ இரண்டு தவணை பின்தங்கிவிட்டார். ஏப்ரலில் அவர் கட்டியது பிப்ரவரித் தவணைக்குப் போனது. அப்போது மிகப் பழைய பாக்கி மார்ச் 5. ஏப்ரல் 30-ல் எண்ணினால் 56 நாள். மே மாதமும் அதே கதை, 56. ஆயுசுக்கும் இப்படியே கட்டினாலும் 54-க்கும் 57-க்கும் நடுவில்தான் நிற்கும்.

இதில் ஆபத்து என்னவென்றால், 31 முதல் 60 நாள் வரை எஸ்எம்ஏ-1 (தவறக்கூடும் என்று வங்கி குறிக்கும் எச்சரிக்கை நிலை), 61 முதல் 90 வரை எஸ்எம்ஏ-2, 90 தாண்டினால் என்பிஏ (வாராக் கடன்). ஒரே ஒரு மாதம் சறுக்கினால் 56 என்பது 87 ஆகிவிடும். அப்படியே விட்டால் இன்னும் நான்கே நாளில், அடுத்த கெடு வரும் முன்பே, என்பிஏ. அங்கே போனபின் ஒரு தவணை, அரைத் தவணை கட்டிக் கணக்கை மீட்க முடியாது. நிலுவையில் உள்ள அசல், வட்டி எல்லாம் முழுதாக அடைந்தால்தான் மறுபடி ஸ்டாண்டர்டு (ஒழுங்கான கணக்கு) என்று மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவுபடுத்திவிட்டது.

ஆகவே கிளைக்குப் போய், இன்றைய தேதிக்கு ஓவர்டியூ எவ்வளவு, அதில் தவணை எவ்வளவு, அபராதக் கட்டணம் எவ்வளவு, நாச் (தவணையைக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாடு) பணமில்லாமல் திரும்பியதற்குப் போட்ட கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டு தவணை 13,700, மேலே கொஞ்சம் இருக்கும். அந்த மொத்தத்தையும் ஒரே நாளில் கட்ட வேண்டும். நூறு ரூபாய் கட்டணம் விட்டுப்போனாலும் சில வங்கிகளின் மென்பொருள் கணக்கை ஓவர்டியூவிலேயே காட்டும். கட்டிய மறுநாள் ஸ்டேட்மென்ட் எடுத்து ஓவர்டியூ பூஜ்யம் என்று வந்திருக்கிறதா பாருங்கள்.

அடுத்து ஆப் கடன் இரண்டும், 6,400. சின்னத் தொகை என்று விடாதீர்கள். அறிக்கையில் ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. கடன் கொடுத்தது ஆப் இல்லை, அதன் பின்னால் இருக்கும் ஒரு என்பிஎஃப்சி (வங்கி அல்லாத கடன் நிறுவனம்). அறிக்கையில் வரும் பெயர் அதுதான். ஆப்பை நீக்கிவிட்டிருந்தால் அந்த நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, கடன் எண்ணைக் குறிப்பிட்டுக் கட்டும் இணைப்பைக் கேட்க வேண்டும்.

மூன்றாவதுதான் கார்டு. 'ரிட்டன் ஆஃப்' என்றால் கடன் ரத்து என்று நினைப்பவர்கள் நிறைய. வங்கி தன் புத்தகத்தில் நஷ்டமாக எழுதிக்கொண்டது என்று மட்டும்தான் பொருள், கொடுக்க வேண்டியது அப்படியேதான் இருக்கும். இங்கே கவனிக்க வேண்டியது ஒரு சொல். வங்கி 68,400-க்குப் பதில் 50,000 போதும் என்று சொன்னால் உடனே மனம் குளிர்ந்துவிடும். அப்படி முடித்தால் பெரும்பாலும் 'செட்டில்டு' என்றுதான் பதிவாகும். ஏற்கெனவே ஒரு செட்டில்டு இருக்கிற அறிக்கையில் இன்னொன்றை நாமே பணம் கொடுத்துச் சேர்ப்பதாகும். முழுதாகக் கட்டுவதாக இருந்தால், பணம் போகும் முன் கடிதம் வாங்குங்கள். அதில் கணக்கு எண், கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி, கட்டியபின் 'குளோஸ்டு' என்று பீரோக்களுக்கு (சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள்) அறிவிப்போம் என்ற வரி, நான்கும் இருக்க வேண்டும். கடைசி வரி இல்லாத கடிதத்தை நம்பிப் பணம் போடாதீர்கள்.

செட்டில்டு ஆன பர்சனல் லோனை என் கணக்கில் இப்போதைக்கு விட்டுவிடலாம். இரண்டு மூன்று வருடத்தில் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் அந்த 74,000-ஐப் பற்றி யோசியுங்கள்.

---

பாஸ்புக் பதில்:

மேலே சொன்ன வரிசை சரி. கடைசிப் பத்தியில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. வீட்டுக் கடனுக்கு மட்டுமில்லை, அதே வங்கியில் திரும்ப எதையாவது கேட்கப் போகிறார் என்றாலும் 'செட்டில்டு' தடை போடும். சமரசமாக முடித்தவருக்கு அந்த நிறுவனம் மறுபடி கடன் கொடுக்கும் முன் குறைந்தது 12 மாதம் இடைவெளி விட வேண்டும் என்பது 2023 ஜூனில் வந்த விதி (விவசாயக் கடன் தவிர). அதற்கு மேல் எவ்வளவு என்பது அவரவர் கொள்கை. இப்போதே 74,000 கட்டச் சொல்லவில்லை. ஆனால் வங்கிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, மீதியைக் கட்டினால் நிலையை மாற்றுவீர்களா என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். கணக்கை முடித்துவிட்டோம், இனி வாங்க முடியாது என்று கைவிரிக்கும் வங்கிகளும் உண்டு. அது முன்பே தெரிந்தால் அந்தப் பணத்தை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

நிலை 'குளோஸ்டு' ஆனாலும் பழைய டிபிடி எண்கள் உடனே போய்விடாது. 36 மாதக் கட்டம் மாதத்துக்கு ஒரு கட்டமாக நகர்ந்துதான் போக வேண்டும். "7 வருடத்தில் எல்லாம் தானாக அழிந்துவிடும், சும்மா இருங்கள்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தகவலைக் குறைந்தது 7 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. அது கீழ் எல்லை, மேல் எல்லை இல்லை.

பணம் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதும் முக்கியம். உங்கள் கணக்கிலிருந்து மகன் கணக்குக்கு மாற்றுங்கள், அங்கிருந்து அவர் கடன் கணக்குக்குக் கட்டட்டும். நீங்களே நேராகக் கட்டினால் சட்டப்படி தப்பில்லை, ஆனால் நாளைக்கு ரசீதையும் கணக்கையும் பொருத்திக் காட்டும்போது இழுபறி ஆகும். பெற்றோர் மகனுக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு, தொகை எவ்வளவானாலும், அவருக்கு வருமான வரி இல்லை. "கடனாகத்தான் கொடுக்கிறோம், திருப்பித் தரட்டும்" என்பதாக இருந்தால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வரிச் சட்டம் தடுக்கிறது, மாட்டினால் தொகைக்குச் சமமான அபராதம்.

ஒரு வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது. நீங்கள் பார்த்தது சிபில் அறிக்கை மட்டும். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று இருக்கின்றன. நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவர்கள் தளத்தில் கட்டணத் திட்டம்தான் கண்ணில் முதலில் படும், இலவச இணைப்பு எங்காவது மூலையில் இருக்கும், தேடி எடுங்கள். சொந்த அறிக்கையைத் தானே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

---

கையெழுத்துக்கு முன் பதில்:

மூன்று யோசனைகளைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே.

ஆட்-ஆன் கார்டு: வேண்டாம். பொறுப்பு முழுக்க முதன்மை அட்டைக்காரருடையது. மகன் செலவழித்துக் கட்டாமல் விட்டால் கறை அப்பாவுக்கு. மகன் ஒழுங்காகக் கட்டினாலோ நல்ல பெயரும் அப்பாவுக்கு. மகன் ஸ்கோரை ஏற்ற இதை நம்ப முடியாது. வெளிநாட்டில் இப்படிச் செய்து ஸ்கோர் ஏற்றுவார்கள் என்று காணொளிகளில் சொல்வதை இங்கே அப்படியே கொண்டுவந்து பொருத்துகிறார்கள்.

பைக் கடனுக்கு ஜாமீன்: இதுதான் மூன்றிலும் மோசம். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம் என்கிறது. முதலில் மகனிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அப்பாவிடம் வர வேண்டும் என்று வங்கிக்குக் கட்டாயம் இல்லை. பாதியில் "நான் விலகிக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தாலும் வங்கி சம்மதிக்காமல் நடக்காது. அந்தக் கடன் அப்பாவின் அறிக்கையிலும் 'ஜாமீன்தாரர்' என்று ஏறும், மகன் தவறிய நாட்கள் அங்கேயும் தெரியும். அப்பா பின்னால் ஏதாவது கடன் கேட்டால் அந்த ஈஎம்ஐ-யையும் அவர் தலையில் வைத்துத் தகுதி கணக்குப் போடும் வங்கிகள் உண்டு. கல்விக் கடனில் ஏற்கெனவே ஒரு கையெழுத்து போட்டு அவர் ஸ்கோர் அடிபட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டாவது கையெழுத்து எதற்கு? பைக் அவசியம் என்றால் பழைய வண்டி ஒன்றைக் கைக்காசில் வாங்கட்டும்.

நகை: யார் பெயரில் அடகோ அவர் பெயரில்தான் பதிவு. உங்கள் பெயரில் வைத்தால் மகனுக்கு ஒன்றும் ஏறாது. அவர் பெயரில் வைத்தால், "நகை என் சொந்தம்" என்று அவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். உங்கள் நகைக்கு அவர் அப்படி எழுதித் தருவது பொய். வட்டி தவறி ஏலத்துக்குப் போனால் நகை என்னுடையது என்று நீங்கள் போய் நிற்கவும் முடியாது. வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் வகை நகைக் கடனில் மாதத் தவணையே கிடையாது, அதனால் "ஒழுங்காகக் கட்டினேன்" என்று மாதாமாதம் காட்டவும் ஒன்றும் இருக்காது.

பணம் கொடுங்கள், திரும்பி வராது என்று நினைத்தே கொடுங்கள். கையெழுத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்த பணத்துக்கு நஷ்டம் அந்தத் தொகையோடு முடியும்.

---

பொன்னிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஜாமீன், நகை இரண்டையும் விட்டுவிட்டோம். கார்டு வங்கியில் கேட்டால், கணக்கை ஓர் ஏஆர்சி-க்கு (வாராக் கடன்களை வாங்கி வசூலிக்கும் நிறுவனம்) விற்றாகிவிட்டது, அவர்களிடம் பேசுங்கள் என்கிறார்கள். அதற்குள் ஏஜென்ட் ஒருவர் என் எண்ணுக்கே கூப்பிட்டு, "இன்றே 30,000 யுபிஐ-யில் போடுங்கள், மொத்தமும் முடித்துத் தருகிறேன்" என்கிறார். போடலாமா? பழையது அடைபட்டபின் ஸ்கோர் ஏற எப்.டி கார்டு (டெபாசிட்டை ஈடாக வைத்து வாங்கும் கிரெடிட் கார்டு) நல்லது என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது?

---

வட்டிக்கணக்கு பதில்:

போடாதீர்கள். 68,400-க்கு 30,000 என்றாலே அது செட்டில்மென்ட். அதுவும் கடிதம் இல்லாத செட்டில்மென்ட். கடிதம் இல்லாமல் போகும் பணம் பகுதிக் கட்டணமாக வட்டிக்கு வரவு வைக்கப்பட்டு, மீதிக்கு அடுத்த மாதம் வேறொருவர் கூப்பிடுவார்.

முதலில் வங்கியிடமிருந்து எந்த ஏஆர்சி-க்கு, எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பெயர் ரிசர்வ் வங்கி தளத்தில் உள்ள பதிவு பெற்ற ஏஆர்சி பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். பிறகு ஏஜென்டை விட்டுவிட்டு நேராக ஏஆர்சி-யின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்கு எழுதி, நான் மேலே சொன்ன நான்கு விவரமும் உள்ள கடிதத்தைக் கேளுங்கள். பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், ஆள் பெயரில் உள்ள யுபிஐ முகவரிக்குப் போகக் கூடாது.

விற்ற கணக்கில் அடிக்கடி வரும் கோளாறு ஒன்று: பழைய வங்கி பெயரில் ஒரு பாக்கி, ஏஆர்சி பெயரில் அதே பாக்கி என்று ஒரே கடன் அறிக்கையில் இரண்டாக நிற்கும். ஏஆர்சி-க்குக் கட்டி முடித்ததும் இரண்டு பதிவையும் பாருங்கள். வங்கிப் பதிவில் பாக்கி இன்னும் தெரிந்தால் அதற்குத் தனியாக டிஸ்பியூட் (பதிவு தவறு என்ற புகார்) போட வேண்டும்.

உங்களுக்கு வரும் போன் பற்றி: கார்டில் நீங்கள் ஜாமீன் இல்லை, இணைக் கடனாளியும் இல்லை. உங்களுக்கு அதில் பொறுப்பு கிடையாது. காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் வசூல் ஏஜென்ட் கடனாளியையே கூப்பிடக் கூடாது. உறவினர்களைத் தொந்தரவு செய்யவும் கூடாது. தேதி, நேரம், எண் குறித்து வைத்துக்கொண்டு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள்.

---

பாஸ்புக் பதில்:

எப்.டி கார்டு பற்றி. 25,000 மகன் கணக்குக்கு மாற்றி, அவர் பெயரில் டெபாசிட் போடச் செய்யுங்கள். உங்கள் பெயரில் உள்ள டெபாசிட்டை வைத்து அவருக்குக் கார்டு பெரும்பாலும் கிடைக்காது. வங்கி டெபாசிட்டின் மேல் லீன் போட்டு (எடுக்க முடியாதபடி பிடித்து வைத்து), வங்கியைப் பொறுத்து அதன் 75 முதல் 100 சதவீதம் வரை லிமிட் தரும். கார்டு இருக்கும்வரை அந்த டெபாசிட்டை உடைக்க முடியாது, ஆகவே அவசரத்துக்கு வைத்த பணத்தை இதில் போடாதீர்கள்.

லிமிட் 20,000 என்று வைத்துக்கொள்வோம். மாதச் செலவு 5,000-ஐத் தாண்ட வேண்டாம். மொபைல் ரீசார்ஜ், மின் கட்டணம் போன்று எப்படியும் வரும் செலவு மட்டும் போதும். பலரும் சறுக்கும் இடம் ஸ்டேட்மென்ட் தேதி. கெடு தேதிக்கு முன் முழுதும் கட்டினாலும், ஸ்டேட்மென்ட் போடும் நாளில் 18,000 பாக்கி நின்றால் பீரோவுக்கு அந்த 18,000-தான் போக வாய்ப்பு அதிகம். லிமிட்டில் 90 சதவீதம் பயன்படுத்துகிறார் என்று தெரியும். பெரிய செலவு வந்துவிட்டால் ஸ்டேட்மென்ட் தேதிக்கு இரண்டு நாள் முன்பே கட்டிவிடட்டும்.

ஆட்டோ டெபிட் போடும்போது 'மொத்தத் தொகை' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'குறைந்தபட்சத் தொகை' போட்டால் டிபிடி வராது, ஆனால் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும், புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. கெடு தாண்டி 3 நாளுக்கு மேல் போனால்தான் தாமதம் என்று பீரோவுக்கு அறிவிக்கலாம். ஆனால் நான்காம் நாள் அறிவித்தால் நாட்களை எண்ணுவது பழைய கெடு தேதியிலிருந்துதான்.

"டெபாசிட் இருக்கிறதே, கட்டாவிட்டால் வங்கி எடுத்துக்கொள்ளட்டும்" என்ற நினைப்பு அறவே கூடாது. எடுத்துக்கொள்வார்கள், ஆனால் அதற்குள் இரண்டு மூன்று மாத டிபிடி பதிவாகியிருக்கும். டெபாசிட் காப்பது வங்கியை, மகன் ஸ்கோரை இல்லை.

ஒரு வருடம் இந்த ஒரு கார்டு மட்டும் போதும். நடுவில் "உங்களுக்கு முன்-அனுமதி பெற்ற கடன்" என்று வரும் குறுஞ்செய்திகளை அமுக்கிப் பார்ப்பதும் சில நேரம் விண்ணப்பமாகி, அறிக்கையின் விசாரணைப் பட்டியலில் (கடன் கேட்டவை பதிவாகும் இடம்) ஏறிவிடும்.

உங்கள் 2 லட்சம்: கல்விக் கடன் நிலுவை 13,700, ஆப் 6,400, கார்டு 68,400, எப்.டி 25,000. மகன் கணக்கில் இரண்டு ஈஎம்ஐ எப்போதும் கிடக்கட்டும், அது 13,700. மொத்தம் 1,27,200. அபராதக் கட்டணம் போக ஏறத்தாழ 72,000 உங்களிடமே இருக்கும். அதைத் தொடாதீர்கள்.

---

கையெழுத்துக்கு முன் பதில்:

டிஸ்பியூட் பற்றிக் கொஞ்சம். 2025 ஜனவரி முதல் வங்கிகள் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை பீரோக்களுக்குத் தகவல் தர வேண்டும். கட்டி முடித்து 30, 40 நாள் கழித்துப் புது அறிக்கை எடுங்கள். மாறவில்லை என்றால் பீரோ தளத்தில் அந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்து டிஸ்பியூட் போட்டு, அதே நாளில் வங்கிக்கும் என்ஓசி-யை (பாக்கி இல்லை என்ற கடிதம்) இணைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். பீரோ தானாக எதையும் திருத்தாது, வங்கி ஒப்புக்கொண்டால்தான் மாற்றும். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். அதன் பிறகு ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் இல்லை. "15 நாளில் ஸ்கோரை 750 ஆக்கித் தருகிறோம்" என்பவர்களிடம் ஓடிபி சொல்லிவிடாதீர்கள். சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது, தவறான பதிவுக்கு நாமே இலவசமாக டிஸ்பியூட் போடலாம்.

இனிஷியலையும் பாருங்கள். பான் அட்டையில் அப்பா பெயர் விரிந்து பின்னால் வரும், வங்கியில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஒரே முகவரியில் இருக்கும் அப்பா, மகன் கணக்குகள் இதனால் ஒருவர் அறிக்கையில் இன்னொருவருடையதாக ஏறிவிடுவதுண்டு. இரண்டு பேர் அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கணக்கு எண்ணாக ஒப்பிடுங்கள்.

---

பொன்னிக்கரை:

கல்விக் கடன் நிலுவை நேற்று முழுதாகக் கட்டியாகிவிட்டது, ஓவர்டியூ பூஜ்யம் என்று வந்துவிட்டது. ஒன்று மட்டும். சம்பளம் 7-ம் தேதிதான் வருகிறது, கெடு 5. இதை மாற்ற முடியுமா?

---

வட்டிக்கணக்கு பதில்:

கிளையில் எழுதிக் கேளுங்கள், சில வங்கிகள் 10-ம் தேதிக்கு மாற்றித் தரும். கெடு தேதி மாறினால் நாச் மேண்டேட்டும் புதிதாகப் போட வேண்டும். பழையதை ரத்து செய்ததற்கு உறுதி வந்தபின் புதியது ஓடட்டும், இல்லையென்றால் ஒரே மாதத்தில் இரண்டு தடவை பிடித்து, இரண்டாவது பணமில்லாமல் திரும்பி, கட்டணம் விழும். மாற்ற முடியாது என்றால் கணக்கில் கிடக்கும் அந்த 13,700 எதற்கு இருக்கிறது, 5-ம் தேதி அதிலிருந்து போகட்டும், 7-ம் தேதி சம்பளத்தில் திரும்ப நிரப்பிவிடட்டும்.